தேக்குப் படுகை ஏன் முதலில் வந்தது? 1890களின் கழிவுநீர்ப் படுகைகள் குறித்த ஒரு கேள்வி

நீர்த்தடம்:

அனைவருக்கும் வணக்கம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் தொடக்க காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கால வரிசையில் ஓர் இடம் எனக்குப் புரியவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சுகாதார வாரியம் 1887இல் லாரன்ஸ் நகரில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. அதன் பெரிய அறிக்கை 1890இல் வந்தது. மணலை மட்டுமல்லாமல் வெறும் கூழாங்கல்லை நிரப்பியும் அங்கே சோதித்தார்கள். கழிவுநீர் கல்லின் மேல் மெல்லிய படலமாக மெதுவாக வழிந்து, கூடவே காற்றும் பட்டுக்கொண்டிருந்தபோது, கரிம நைட்ரஜன் பொருளில் 97 விழுக்காடும் பாக்டீரியாவில் 99 விழுக்காடும் நீங்கியதாக வாரியத்தின் உறுப்பினரான பொறியாளர் ஹைரம் மில்ஸ் எழுதினார். சொட்டுப் படுகையின், அதாவது டிரிக்ளிங் ஃபில்டரின், அடிப்படை முழுவதும் இந்த ஒரு முடிவுக்குள் இருக்கிறது.

ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளில் இங்கிலாந்தின் நகரங்கள் பெரும் செலவில் கட்டியவற்றுள் பல, காண்டாக்ட் பெட் எனப்படும் தேக்குப் படுகைகள். கல்லும் கரியும் நிரப்பிய தொட்டியைக் கழிவுநீரால் விளிம்புவரை நிரப்பி, காற்றே புகாதபடி இரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடித்துவிடும் முறை அது. காற்றோடு கூடிய படலமே வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் படுகையை மூழ்கடித்தது ஏன்? பாடநூல்கள் இதை ஒரு பத்தியில் தாண்டிச் செல்கின்றன. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மதகடி:

நல்ல கேள்வி. ஆனால் 1890இலிருந்து தொடங்கினால் விடை கிடைக்காது. இங்கிலாந்தின் பொறியாளர்கள் எந்தச் சிக்கலோடு அந்த ஆண்டுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1868இல் அமைக்கப்பட்ட ஆற்று மாசு ஆணையத்தில் எட்வர்டு ஃபிராங்க்லாண்டு என்ற வேதியியலாளர் இருந்தார். லண்டன் கழிவுநீரை மணல், சரளை, பலவகை மண் ஆகியவை நிரப்பிய குழாய்களில் ஊற்றி அவர் சோதித்தார். ஓயாமல் ஊற்றினால் மண் சில நாளில் கெட்டுவிடுகிறது. ஊற்றி, வடியவிட்டு, காற்றாட விட்டு, மறுபடி ஊற்றினால் அதே மண் மாதக்கணக்கில் வேலை செய்கிறது என்று அவர் கண்டார். இடைவிட்ட வடிகட்டல் என்ற முறை அங்கிருந்து பிறந்தது. வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்ஃபில் நகரில் 1871இல் பெய்லி டென்டன் என்ற பொறியாளர் 20 ஏக்கர் நிலத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளில் ஆறு மணி நேரம் கழிவுநீர், மீதி நேரம் ஓய்வு என்று ஓட்டிக் காட்டினார்.

ஃபிராங்க்லாண்டுக்கு இது உயிர்களின் வேலை என்று தெரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் நேரடியாக அழுக்கை எரிப்பதாகவே அவர் எண்ணினார். 1877இல் பாரிசில் ஷ்லோசிங்கும் மியூன்ட்சும் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் கழிவுநீரைச் சொட்டவிட்டார்கள். அழுக்கிலுள்ள அமோனியா மாறி உண்டாகும் நைட்ரேட் முதல் இருபது நாள் வரை துளியும் வரவில்லை. அதற்குப் பிறகு வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் நின்றது. அந்த ஆவியை நீக்கிய பிறகும் அது திரும்பவில்லை. கொஞ்சம் தோட்டமண்ணைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் மறுபடி தொடங்கியது. மயங்கக்கூடிய ஒன்று, சாகக்கூடிய ஒன்று, விதைத்தால் வளரக்கூடிய ஒன்று உள்ளே இருக்கிறது என்பதை இதைவிடச் சிக்கனமாக நிறுவிய சோதனையை நான் படித்ததில்லை. அந்த நுண்ணுயிர்களை ரஷ்ய நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி தனியே பிரித்தெடுத்தது 1890இல்.

ஆக, அறிவு இருந்தது. நிலம்தான் இல்லை. லாரன்ஸ் முறையில் ஓர் ஏக்கர் மணற்படுகை நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் கேலனுக்குள்தான் தாங்கும். மாசசூசெட்சில் பனியாறுகள் விட்டுச்சென்ற மணல்மேடுகள் ஊருக்கு ஊர் கிடந்தன. வாரிப் பரப்பினால் போதும். லண்டனைச் சுற்றி இருப்பதோ இறுகிய களிமண். லங்காஷயரின் ஆலை நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்தவை. நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு அங்கே வழியில்லை. எனவே லாரன்ஸ் அறிக்கையைப் படித்த ஆங்கிலேயப் பொறியாளருடைய தேவை வேறு. ஓர் ஏக்கரில் பத்து லட்சம் கேலனை எப்படிச் சுத்தம் செய்வது என்பதே அவர் தேடியது.

அன்னபேதி:

மதகடி ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்த விவாதத்தில் என் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது, ஏனெனில் கதையின் அடுத்த கட்டம் அன்னபேதியில்தான், அதாவது இரும்பு சல்ஃபேட்டில்தான், தொடங்குகிறது.

1880களின் இறுதியில் லண்டனின் கழிவுநீர் தேம்ஸ் ஆற்றின் வட கரையில் பார்க்கிங், தென் கரையில் கிராஸ்னஸ் என்ற இரு வெளியேற்று முகப்புகளில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து தெளியவைக்கப்பட்டது. அடியில் படிந்த கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்த வேலைக்கான முதல் கப்பல் 1887இல் ஓடத் தொடங்கியது. தெளிந்த நீரோ சில நாளில் மறுபடி நாறியது, ஏனெனில் மிதக்கும் அழுக்குதான் படிந்ததே தவிரக் கரைந்த அழுக்கு அப்படியே இருந்தது. இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர் அங்கே தலைமை வேதியியலாளராக இருந்த வில்லியம் டிப்டின்.

1890களின் தொடக்கத்தில் பார்க்கிங்கில் அவர் சுட்ட களிமண், சரளை, பொடிக் கல்கரி (கோக்) ஆகியவற்றைச் சிறு தொட்டிகளில் நிரப்பி ஒப்பிட்டார். கல்கரி நன்றாக வேலை செய்தது. பிறகு ஓர் ஏக்கர் பரப்பில் மூன்றடி ஆழத்துக்குக் கல்கரியும் அதன்மேல் மூன்று அங்குலச் சரளையும் பரப்பிய பெரிய படுகையை அமைத்தார். முதலில் அளவுக்கு மீறி ஓட்டியதில் அது அடைத்துக்கொண்டு நாற்றமெடுத்தது. சில மாதம் ஒன்றும் ஊற்றாமல் விட்டபின், யாரும் தோண்டாமலும் கழுவாமலும் தானாகவே தேறியது. அதற்குப் பிறகு ஏறத்தாழப் பத்து லட்சம் கேலன் தெளிநீரை அது நாள்தோறும் ஏற்றுக்கொண்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. என் பார்வையில் அந்தப் பத்து லட்சத்தைவிட அந்த ஓய்வு மாதங்கள் முக்கியமானவை. அடைபட்ட வடிகட்டி ஓய்வில் தேறாது, உயிருள்ளது தேறும்.

பிறகு 1896இல் சர்ரே மாவட்டத்தின் சட்டன் என்ற சிற்றூரில், மருந்து கலந்து தெளியவைக்கும் பழைய தொட்டி ஒன்றில் சுட்ட களிமண் கட்டிகளை நிரப்பி, மருந்தே சேர்க்காத கழிவுநீரை நேரடியாக விட்டார்கள். தேக்குப் படுகை என்று ஊர் ஊராகப் பேர் பரவியது இங்கிருந்துதான்.

நீர்த்தடம் கேட்ட கேள்விக்கு என் விடை: டிப்டின் பார்வையில் தேக்கிவைப்பதே முறையின் உயிர். நுண்ணுயிர் வேலை செய்ய நேரம் வேண்டும். வழிந்து ஓடும் நீரில் எந்தத் துளி எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டியை நிரப்பி மூடிவிட்டால் ஒவ்வொரு துளிக்கும் ஒரே நேரம் கிடைக்கிறது. நிரப்ப ஒரு மணி, தேக்க இரண்டு மணி, வடிக்க ஒரு மணி, ஓய்வு நான்கு மணி என்று எட்டு மணி நேரச் சுற்று. ஒரு நாளுக்கு மூன்று சுற்று. ஒரு வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் செய்வதை அவர் ஒரு ஏக்கரில் செய்தார்.

நீர்த்தடம்:

இருவருக்கும் நன்றி. ஆனால் தேக்கிய இரண்டு மணி நேரத்தில் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்ற ஐயம் இன்னும் நீங்கவில்லை. நேரம் கிடைத்தது சரி, காற்று?

சரளைமேடு:

நண்பர் அன்னபேதி டிப்டினுக்குச் சற்று அதிகமாகவே இடம் கொடுக்கிறார் என்பது என் கருத்து.

முதலில் காற்று பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஹாம்பர்க் நகரின் சுகாதார நிறுவனத்தை நடத்திய டன்பர் இதற்கு விடை தேடினார். படுகை மூழ்கியிருக்கும்போது அழுக்கு கல்லின் மேலுள்ள வழவழப்பான படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நடப்பது பெரும்பாலும் உறிஞ்சிப் பிடிப்பதுதான். நீர் வடியும்போது அதன் இடத்தைப் பிடிக்க மேலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பிடித்துவைத்த அழுக்கை நுண்ணுயிர்கள் ஆக்சிஜனோடு செரிப்பது அந்த ஓய்வு நேரத்தில். ஆகவே தேக்கும் இரண்டு மணி நேரத்தை முறையின் உயிர் என்று சொல்வது பொருந்தாது. உயிர் ஓய்வு நான்கு மணியில் இருக்கிறது. டிப்டின் தன் படுகையை வெற்றிகரமாக ஓட்டினார். அது ஏன் ஓடியது என்பதற்கு அவர் சொன்ன காரணம் பாதிதான் சரி.

இரண்டாவது, எல்லா ஆங்கிலேயரும் மூழ்கடிக்கும் வழியில் போகவில்லை. சால்ஃபோர்டு நகரப் பொறியாளர் ஜோசப் கார்பெட் லாரன்ஸ் அறிக்கைகளைப் படித்துவிட்டு, அதே 1890களின் தொடக்கத்தில் கல் படுகையின் மேல் கழிவுநீரைத் தெளித்து வழியவிடத் தொடங்கினார். கொள்கை அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அவரை வாட்டியது வேறொன்று: ஒரு பெரிய பரப்பின் மேல் கழிவுநீரை எப்படிச் சீராகத் தெளிப்பது?

கேட்க எளிமையாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும். மரக்கால்வாய்களில் ஓட்டையிட்டு ஊற்றினால் ஓட்டைக்கு நேர் கீழே உள்ள கல் மட்டும் நனையும். பக்கத்தில் உள்ளது காய்ந்துகிடக்கும். கால்வாய் ஒரு விரற்கடை சரிந்தாலும் ஒரு முனை வெள்ளம், மறு முனை வறட்சி. குழாயில் அழுத்தம் கொடுத்துப் பீய்ச்சினால் சீராக விழும், ஆனால் துளைகள் மயிராலும் நாராலும் காகிதத்தாலும் அடைத்துக்கொண்டே இருக்கும். கார்பெட் பலவற்றை முயன்று, நிலையாக நிறுத்திய பீச்சுக்குழாய்களைத் தேர்ந்தெடுத்தார். அக்ரிங்டன் நகரில் விட்டேக்கரும் பிரையன்டும் 1890களின் இறுதியில் சுழலும் கைகளை அமைத்தார்கள். கையின் ஒரு பக்கத் துளைகளிலிருந்து நீர் பாயும்போது அதன் எதிர்விசையே கையைச் சுழற்றும். வட்டமான கல் படுகையும் நடுவில் சுழலும் நான்கு கைகளும் என்று இன்று நாம் படங்களில் பார்க்கும் உருவம் அதற்குப் பிறகுதான் பரவியது.

சுழலும் கைக்கு நீர் உயரத்திலிருந்து வர வேண்டும். ஆறடி ஆழப் படுகையின் மேல் விழுந்து அடியில் வெளியேற வேண்டுமானால், உள்ளே வரும் மட்டத்துக்கும் வெளியேறும் மட்டத்துக்கும் இடையே எட்டு, பத்து அடியாவது வேண்டும். பல ஊர்களின் வெளியேற்றுக் கால்வாய் ஆற்று மட்டத்திலேயே வந்து சேர்ந்தது. அங்கே எல்லாவற்றையும் எந்திரம் வைத்து இறைக்க வேண்டும். மூன்று, நான்கு அடி ஆழத் தேக்குப் படுகைக்கு அந்தத் தேவை இல்லை. ஒரு மதகும் அதைத் திறந்து மூட ஓர் ஆளும் போதும். கையில் ஏற்கெனவே இருந்த தெளிவுத் தொட்டியையே, சட்டனில் செய்ததுபோல, படுகையாக மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

என் விடை இதுதான்: கொள்கையில் குழப்பம் இருந்ததால் அல்ல, தெளிக்கும் கருவி இல்லாததால்தான் பத்தாண்டு தாமதமானது.

மதகடி:

கருவி ஒரு காரணம், ஏற்கிறேன். ஆனால் பணம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் ஒரு நகராட்சி கழிவுநீர்ப் பணிக்குக் கடன் வாங்க வேண்டுமானால் உள்ளாட்சி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். எந்தச் செயற்கைப் படுகையைக் கட்டினாலும் இறுதியில் நீரை நிலத்தின் வழியாகவும் விட்டே ஆக வேண்டும் என்பது வாரியத்தின் நிலைப்பாடு. நிலம் இல்லாததால்தான் படுகையைத் தேடி வந்தார்கள். படுகையைக் கட்டவோ நிலத்தைக் காட்டு என்றது வாரியம். பணியிலிருந்த காலத்தில் இதுபோன்ற விதிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்கு இரக்கம் உண்டு. இந்த முட்டுக்கட்டையே 1898இல் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணையம் அமைவதற்கு ஒரு காரணம். நிலத்தின் வழியாக விடாமல் செயற்கைப் படுகைகளாலேயே போதிய தூய நீரைத் தரமுடியும், வாரியம் தன் விதியைத் தளர்த்தலாம் என்று அதன் இடைக்கால அறிக்கை 1901இல் சொன்னது.

இதற்கிடையில் எதைக் கட்டினாலும் வல்லுநர் சான்று வேண்டும். மான்செஸ்டர் நகராட்சிக்கு 1899இல் பால்ட்வின் லேத்தம், பெர்சி ஃபிராங்க்லாண்டு, இளைய பெர்கின் ஆகிய மூவரும் தேக்குப் படுகையையே பரிந்துரைத்தார்கள். பெர்சி ஃபிராங்க்லாண்டு முன்பு சொன்ன எட்வர்டின் மகன். இர்வெல் ஆற்றின் ஒரு கரையில் சால்ஃபோர்டு தெளித்தது, எதிர்க்கரையில் மான்செஸ்டர் தேக்கியது. அண்டை நகரங்கள், ஒரே ஆறு, ஏறத்தாழ ஒரே வகைக் கழிவு. தெரியாமல் செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

படலம்:

நான் பொறியாளர் அல்லள், உயிரியல் படித்தவள். கல்லைப் பற்றியும் மதகைப் பற்றியும் ஐயாமார் பேசிவிட்டார்கள். கல்லின் மேல் என்ன இருந்தது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் தேக்குப் படுகையின் வீழ்ச்சிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

சொட்டுப் படுகையின் கல்லில் வளர்வது பாக்டீரியா மட்டுமன்று. வழவழப்பான கூழ்ப்பொருளுக்குள் பாக்டீரியாக்கள் திரளாக வாழ்கின்றன. அவற்றோடு பூஞ்சைகளும், ஒளிபடும் மேற்பரப்பில் பாசிகளும் சேர்கின்றன. இவற்றை மேய ஒருசெல் உயிரிகள், அவற்றின் மேல் சக்கர உயிரிகள், நுண்புழுக்கள், மண்புழு இனங்கள், ஈக்களின் புழுக்கள் என்று ஒரு மேய்ச்சல் வரிசையே உண்டு. மேலடுக்கில் அழுக்கைத் தின்று கொழுக்கும் கூட்டமும் கீழடுக்கில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டமும் தனித்தனியே அமைகின்றன, ஏனெனில் அழுக்கு மிகுந்த இடத்தில் மெதுவாக வளரும் நைட்ரேட் பாக்டீரியாவால் போட்டிபோட முடியாது. ஆறடி ஆழம் என்பது இந்த இரு கூட்டத்துக்கும் இடம் தரும் ஆழம்.

படலத்தை மேய ஆள் இல்லையென்றால் அது தடித்துக்கொண்டே போய்க் கற்களுக்கு இடையிலான வழியை அடைத்துவிடும்; மேலே நீர் குளமாகத் தேங்கும். மேய்ப்பவை வேலை செய்தால் படலம் மெலிந்து, உரிந்து, நீரோடு வெளியேறும். குளிரில் புழுக்கள் மந்தமாகிப் படலம் திரள்வதும், வசந்தத்தில் அவை விழித்ததும் பெரும் அளவில் உரிந்து வருவதும் இங்கிலாந்தின் படுகைகளில் ஆண்டுதோறும் நடப்பது. அப்படி உரிந்து வருவதைப் பிடிக்கத்தான் சொட்டுப் படுகைக்குப் பின்னால் ஒரு தெளிவுத் தொட்டி வைக்கிறார்கள்.

தேக்குப் படுகையில் இந்த வெளியேற்றம் மிகக் குறைவு. நீர் அசையாமல் நிற்கிறது, மெதுவாக வடிகிறது, ஆகவே மிதந்து வந்த நாரும் மண்ணும் செத்த படலமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஒரு நாளில் மூன்று முறை மூழ்கும் இடத்தில் ஈக்களின் புழுக்களும் அதிகம் பிழைக்காது. ஈத் தொல்லை இல்லை என்று தேக்குப் படுகையின் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொன்னது உண்மைதான். நம் குளியலறைச் சுவரில் இறக்கையை விரித்து உட்காரும் மயிரடர்ந்த சிறு பூச்சியின் இனம்தான் சொட்டுப் படுகைகளில் கூட்டங்கூட்டமாகப் பறந்து அக்கம்பக்கத்தாரைத் துன்புறுத்தியது. ஆனால் அந்த ஈயின் புழு போனால் மேய்ப்பவரும் போய்விடுகிறார்.

வடிகால்:

இடையில் ஒரு சிறு கேள்வி. செப்டிக் டேங்கும் இதே ஆண்டுகளில் வந்ததுதானே? எக்சிட்டர் நகரில் கேமரன் கட்டியது. அதற்கும் இந்தப் படுகைகளுக்கும் என்ன உறவு?

அன்னபேதி:

நெருங்கிய உறவு. எக்சிட்டரின் நகர அளவையாளர் டொனால்டு கேமரன் 1895, 96ஆம் ஆண்டுகளில் மூடிய தொட்டி ஒன்றில் கழிவுநீரை மெதுவாகச் செலுத்தி, கசடு அங்கேயே காற்றில்லாமல் அழுகிக் கரையட்டும் என்று விட்டார். அதிலிருந்து வந்த வாயுவை விளக்கெரிக்கவும் பயன்படுத்தினார். தொட்டி தனியாகக் கட்டப்பட்டது என்று நினைக்கக் கூடாது. அதன் பின்னால் படுகைகள் இருந்தன, அவற்றை மாறிமாறி நிரப்பி வடிக்க ஆளில்லாமல் தானே இயங்கும் வாளி அமைப்பும் இருந்தது. அவர் வாங்கிய காப்புரிமையால் அமெரிக்க நகரங்கள் நெடுங்காலம் வழக்காடின; நாக்ஸ்வில் நகர வழக்கில் அந்த உரிமை காலாவதியாகிவிட்டதென்று 1913இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அடங்கியது.

அக்காலத்தில் எல்லாரையும் மயக்கிய சொல், கசடு இருக்காது என்பது. சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் கசடு மலைபோல் சேரும். நுண்ணுயிரிடம் விட்டால் எல்லாமே நீராகவும் வாயுவாகவும் போய்விடும் என்று நம்பினார்கள். கேமரன் தன் தொட்டியைப் பற்றியும், டிப்டின் தன் சட்டன் படுகையைப் பற்றியும் ஏறத்தாழ அதையே எதிர்பார்த்தார்கள். சகோதரி படலம் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் எப்படி வந்தது என்று புரியும். புதிய தேக்குப் படுகையின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அதில்தான் கழிவுநீர் நிற்கும். ஓடத் தொடங்கியதும் அது மூன்றில் ஒரு பங்கை நோக்கி இறங்கும். கவனிக்காமல் விட்டால் அதற்கும் கீழே போகும். நிற்கும் இடம் குறைந்தால் ஒரு சுற்றில் ஏற்கும் நீரும் குறையும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும், ஆனால் மண்ணும் நாரும் எந்த ஓய்விலும் செரிக்காது. கடைசியில் கல் முழுவதையும் வெளியே வாரி, கழுவி, சலித்து, மறுபடி நிரப்ப வேண்டும். ஓர் ஏக்கர் படுகை என்றால் எத்தனை வண்டிக் கல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

டிப்டினே இதை உணர்ந்து, கல்லுக்குப் பதிலாகப் பலகைக்கல் தகடுகளை அடுக்கடுக்காக இடைவெளி விட்டு வைத்த புதிய படுகையைப் பின்னர் வகுத்தார். டிவைசஸ் என்ற ஊரில் அது அமைக்கப்பட்டது. தகட்டின் மேல் கசடு படிந்து, புழுக்கள் அதைத் தின்று, மிச்சம் நாற்றமில்லாத மண்போல வெளியேறும் என்பது திட்டம். நல்ல யோசனை, ஆனால் பரவவில்லை.

சரளைமேடு:

கசடு பற்றிய இந்தப் பாடத்தை ஒட்டி ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஹாம்ப்டன் நகரின் டிராவிஸ் என்பவர் நுண்ணுயிரே இதில் முதன்மையல்ல என்று வாதிட்டார். கூழ்ம நிலையில், அதாவது படியாமல் நீரில் நுண்துகளாக மிதக்கும் நிலையில், உள்ள அழுக்கு பரப்புகளில் ஒட்டிப் படிகிறது, அவ்வளவுதான் என்பது அவர் கொள்கை. டன்பரின் உறிஞ்சல் கொள்கையைக் கடைசி எல்லைவரை இழுத்தால் அங்கே போய் நிற்கும். இன்றைக்குப் பார்க்கையில் இரு தரப்பும் ஒரே செயலின் இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொண்டு வாதாடியது தெரிகிறது. படிதல் நிமிடங்களில் நடக்கிறது, செரித்தல் மணிகளில் நடக்கிறது.

நடைமுறைத் தீர்ப்பை அரச ஆணையத்தின் ஐந்தாவது அறிக்கை 1908இல் வழங்கியது. ஒரே தரமான கழிவுநீரை ஒரே அளவுக்குச் சுத்தம் செய்ய, ஒரு கன கெஜம் சொட்டுப் படுகை ஒரு கன கெஜம் தேக்குப் படுகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரை ஏற்கும் என்று அது கணித்தது. மழைநாளில் ஓட்டம் திடீரென ஏறி இறங்கினாலும் சொட்டுப் படுகை சமாளிக்கும் என்றும் சொன்னது. ஈயும் நாற்றமும் தேக்குப் படுகையில் குறைவு என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்தது. அமெரிக்காவில் ரெடிங், கொலம்பஸ் ஆகிய நகரங்களில் சொட்டுப் படுகைகள் ஓடத் தொடங்கியதும் அதே 1908இல்தான். அதற்குப் பிறகு புதிதாகத் தேக்குப் படுகை கட்ட யாருக்கும் பெரிய காரணம் இருக்கவில்லை.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். 1912இல் வந்த எட்டாவது அறிக்கைதான், எட்டு மடங்கு நீர் ஓடும் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு, மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 30 மில்லிகிராம், ஐந்து நாள் ஆக்சிஜன் தேவை (அழுக்கைச் செரிக்க நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 20 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தது. அந்த அளவு நன்றாக ஓடும் ஒரு கல் படுகையும் அதன் பின்னுள்ள தெளிவுத் தொட்டியும் எட்டக்கூடியதே. ஆற்றுக்கு என்ன வேண்டும் என்பதும் படுகைக்கு என்ன முடியும் என்பதும் சந்தித்த இடம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

நீர்த்தடம்:

நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கிடைத்துவிட்டது. கருவி, நிலமட்டம், கடன் விதி, கையிலிருந்த பழைய தொட்டி, கசடு போய்விடும் என்ற நம்பிக்கை ஆகிய எல்லாமே சேர்ந்துதான் தேக்குப் படுகையை முன்னால் தள்ளியிருக்கின்றன. கடைசியாக ஒன்று கேட்கிறேன். தேக்குப் படுகைகளில் அவ்வளவு பணத்தைப் போட்ட மான்செஸ்டர் பிறகு என்ன செய்தது?

மதகடி:

அங்கேதான் கதை திரும்புகிறது. மான்செஸ்டரின் கழிவுநீர்ப் பணிகளுக்கு ஆலோசகராக இருந்த கில்பர்ட் ஃபௌலர் 1912இல் அமெரிக்கா சென்றபோது லாரன்ஸ் நிலையத்தைப் பார்த்தார். அங்கே அப்போது கழிவுநீருக்குள் நேரடியாகக் காற்றைச் செலுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மான்செஸ்டரின் டேவிஹூம் கழிவுநீர் நிலையத்தின் ஆர்டர்ன், லாக்கெட் இருவரையும் அந்த வழியில் முயலச் சொன்னார். அவர்கள் 1914இல் வெளியிட்டதே ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ், அதாவது உயிர்ப்பூட்டிய கசடு, முறை. ஃபௌலர் 1916இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்தியாவில் இத்துறை வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு.

ஒரு சுவையான செய்தி. கசடைப் பிரித்தபின் நீரில் தகுந்த நுண்ணுயிரைச் சேர்த்து, போதிய நேரம் வைத்து, நன்றாகக் காற்றூட்டி, பிறகு ஆற்றில் விடலாம் என்று டிப்டின் 1887இலேயே சொல்லியிருக்கிறார். கல்லைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் பின்னால் கட்டிய படுகையைவிட டேவிஹூமில் நடந்ததற்கே அந்தக் கூற்று நெருக்கமானது.

சரளைமேடு:

நெருக்கம்தான், ஐயா, ஆனாலும் முக்கியமான ஒன்று அதில் இல்லை. ஆர்டர்னும் லாக்கெட்டும் முதல் முறை காற்றூட்டியபோது கழிவுநீரிலுள்ள அமோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, புதிய கழிவுநீரை அதன்மேல் ஊற்றினார்கள். அதையே திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, அதே வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. டிப்டின் 1887இல் முதல் படியாகச் சொன்னது கசடைப் பிரித்து அகற்றுவது. படுகையில் கல் செய்த வேலையே நுண்ணுயிரை ஓடிப்போகாமல் பிடித்துவைப்பதுதான். கல் இல்லாமல் அதைச் செய்ய வேண்டுமானால், உண்டான கசடைத் திரும்ப உள்ளே விட வேண்டும். அதை 1914க்கு முன் யாரும் திட்டமிட்டுச் செய்து காட்டவில்லை.